வெட்டக் கூடாத குளிசை

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன 'ர' எங்கே வரும், பெரிய 'ற' எங்கே வரும் என்று இன்றும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசிப்பேன். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கண்ணுக்கு என்ன ஆனது என்று பலர் கேட்கிறார்கள். கேட்கும்போது எனக்கு வாய் வராது. நாலு பேர் என்னைப் பார்த்தால் காது சூடாகிவிடும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டயகமப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் கவ்வாத்து வெட்டுகிறவனாக இருந்தேன். தேயிலைச் செடி உயர்ந்து, கொழுந்து குறைந்து போனதும் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவார்கள். அதுதான் கவ்வாத்து. வெட்டிய மலையைப் பார்த்தால் தீப்பிடித்து அணைந்தது போல இருக்கும். சில மாதங்களில் அந்தக் கட்டைகளில் இருந்தே தளிர் வரும்.

அன்றைக்குக் காலையில் பனி இறங்கியிருந்தது. வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகளுக்கு அடியில் தண்ணீர் ஓடும் கான் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கால் உள்ளே போனது. கத்தி ஒரு பக்கம் போக, நான் மறுபக்கம் விழுந்தேன். அப்போதுதான் நானே வெட்டிய ஒரு கட்டையில் என் இடது புருவத்தின் ஓரம் மோதியது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருப்பவன் எனக்குப் பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் ஓடிவந்து தூக்கினான். தூக்கும்போதே, "செடிய வெட்டச் சொன்னா செடிகூட முட்டிச் சண்ட புடிக்கிறியே மச்சான்" என்றான். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவன் சிரிப்பு நின்றது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் தையல் போட்டார்கள். வீக்கம் வடிந்தது. கண்ணாடியில் பார்த்தால் கண் பளிச்சென்று இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் அட்டனுக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றோம். வலது கண்ணில் தூசி விழுந்தது. அதைக் கையால் மூடிக்கொண்டு நிமிர்ந்தபோது வளைவில் பஸ் வந்தது. அந்தச் சிவப்பு பஸ் மழையில் ஊறிய செங்கல் நிறத்தில் இருந்தது. புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் போலும் என்று நினைத்தேன். கையை எடுத்தேன், பஸ் சிவப்பாக இருந்தது. மூடினேன், செங்கல் ஆனது. பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம். ஒரே பஸ் எப்படி இரண்டு நிறத்தில் வருகிறது என்று திறந்து திறந்து மூடிக்கொண்டே நின்றேன்.

"என்னாங்க, கொண்டக்டர் பையனுக்கா கண்ணடிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு எனக்கு அதே வேலையாகிவிட்டது. மனைவியின் பொட்டு, கடையில் தக்காளி, முள்முருங்கைப் பூ என்று சிவப்பாக எதைக் கண்டாலும் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். இடது கண்ணில் ஒன்றுமே சிவப்பாக இல்லை. பார்வையின் கீழ்ப்பாதியில் புகை படிந்தது போலவும் இருந்தது. கத்தி வீசும்போது தூரம் பிடிபடவில்லை. நான் வெட்டிய செடிகளின் கிளை வாதுகள் பிளந்து தொங்கின. மலை வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா என் கண்ணை உற்றுப் பார்த்தார். "கண்ணு நல்லாத்தானே இருக்கு? வேலதான் நல்லா இல்ல" என்றார். அவர் மேல் குற்றமில்லை. கண் நன்றாகத்தான் இருந்தது.

மனைவிதான் என்னை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்குப் போனாள். அங்கே இருந்தது கிழக்குக் கரைப் பக்கத்து டொக்டர் அம்மா. இளம் வயதுதான். மூன்று கால் உள்ள எழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டும் அட்டையை வைத்துப் பார்த்தார். இடது கண்ணால் மேலே இருந்த பெரிய வரிசைகளைத் தாண்டி என்னால் இறங்க முடியவில்லை. பிறகு சின்ன டோர்ச்சை ஒரு கண்ணில் அடித்து, சட்டென்று மற்றக் கண்ணுக்கு மாற்றினார். திரும்பவும் அப்படியே செய்தார். கடைசியாக ஒரு மருந்துப் போத்தலின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் காட்டினார். நான் பஸ்ஸைப் பார்த்துச் செய்ததையே டொக்டர் செய்கிறாரே என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

"கண்ணில ஒரு பிழையும் இல்ல ஐயா" என்றார். "கண்ணுக்குப் பின்னால மூளைக்குப் போற நரம்பு ஒண்டு இருக்கு. புருவத்தில பட்ட அடி எலும்பு வழியா அந்த நரம்புக்குப் போயிருக்கு."

நான் பொதுவாக டொக்டர்களிடம் கேள்வி கேட்கமாட்டேன். அன்று எப்படியோ வாய் திறந்துவிட்டது. கவ்வாத்து வெட்டும்போது வாது பிளந்துவிட்டால், வெட்டிய இடத்தில் தொடங்கி அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கருகிக்கொண்டே வரும். வெட்டியது ஒரு நாள்தான், கருகுவதோ மாதக்கணக்கில் நடக்கும்.

"அந்த மாதிரி இதுவும் கருகி எறங்குமா டொக்டர்?" என்றேன்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "இறங்கலாம். அதுதான் பயம். அடி பட்ட நேரமே செத்தது கொஞ்சம். மிச்சம் நாள் போகப் போகச் சாகும்" என்றார். நரம்பு என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய நார்கள். ஒவ்வொரு நாரும் ஓர் உயிருள்ள செல்லில் இருந்து வருகிறது. செல்லின் சுவரில் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. அந்த வாசல் வழியாகக் கல்சியம் அளவோடு உள்ளே போக வேண்டும். அடிபட்டால் வாசல் திறந்தே கிடந்துவிடும். கல்சியம் வெள்ளம் போலப் புகுந்து செல்லை உள்ளே இருந்து அழித்துவிடும். இப்படித்தான் அவர் சொன்னது எனக்கு விளங்கியது.

"அந்த வாசல அடைச்சா மிச்சத்தக் காப்பாத்தலாமா எண்டு ஆராய்ச்சி செய்யிறாங்க. அடைக்கிற மருந்தும் புதுசில்ல. பிரஷருக்குக் குடுக்கிற குளிசையில ஒரு வகை அதுதான். எலிகளில கொஞ்சம் பலன் தெரியுது. மனிசருக்கு இன்னும் நிச்சயமில்ல. அதால நான் எழுதித் தரமாட்டன்."

மனைவி தன் பையைத் திறந்து ஒரு குளிசை அட்டையை எடுத்து நீட்டினாள். அவளுக்குச் சில வருடங்களாகப் பிரஷர். "நான் போடுறது இதுங்க. இது வாசல அடைக்கிறதா?"

டொக்டர் பார்த்தார். "ஓம், அந்த வகைதான். ஆனா இது உங்களுக்கு அம்மா, அவருக்கில்ல." அடுத்த மாதம் வரச் சொன்னார். இப்போது தெரிகிற வரிசை நிற்கிறதா, இறங்குகிறதா என்று அன்றைக்குத்தான் தெரியும். ஒன்றும் தெரியாமல் முழுதாக இருண்டு போகவும் கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வெளியே வந்ததும் மனைவி ஓர் ஆஸ்பத்திரிச் சிற்றூழியரைப் பிடித்துக் கல்சியம் என்றால் என்ன என்று கேட்டாள். "சுண்ணாம்புச் சத்து" என்றார் அவர். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகு சொன்னாள். "வாசலுக்கு வர்றவனையே ஒழிச்சுட்டா, வாசல எதுக்குங்க அடைக்கணும்?"

அன்று மாலையே வீட்டில் சுண்ணாம்பு நின்றது. வெற்றிலைத் தட்டில் இருந்த சுண்ணாம்புப் போத்தலை அவள் கூரைக்கு மேலே எறிந்தாள். பால் மா நின்று, பாலில்லாத சாயத்தண்ணி வந்தது. முள்ளோடு தின்கிற நெத்தலிக் கருவாடு நின்றது. சுண்ணாம்பு இல்லாமல் வெற்றிலை போட்டால் மாடு புல் மெல்வது போலத்தான், வாய் சிவக்கவே இல்லை. கவ்வாத்து மலைக்கு அந்த நாட்களில் டொலமைட் தூள் போட்டார்கள். எங்கள் ஆட்கள் அதையும் சுண்ணாம்பு என்றுதான் சொல்வார்கள். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கே அவள் போய் நின்றாள். "எங்க வீட்டுக்காரர சுண்ணாம்பு வேலைக்கு மட்டும் போட்றாதீங்க, கண்ணுக்குள்ள போயிரும்" என்று எல்லோருக்கும் முன்னால் கண்டாக்கையாவிடம் கேட்டாள். நான் ஆட்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் சிரித்தாலும் என்னைப் புல்வெட்டுக்கு மாற்றினார்.

அடுத்த காம்பராக்காரன் விடுவானா?

"அண்ணி, லயத்துச் செவுத்துக்கும் சுண்ணாம்புதான் அடிச்சிருக்கு. ரெண்டு பேரும் வெளிய படுங்க. கம்பளி வேணுமா?"

"ஒங்க வாய அடைக்கிற குளிச இருந்தா டொக்டர்கிட்ட கேட்டு வாங்கியாறேன்" என்றாள் அவள்.

பகலில் அவனுக்குப் பதில் சொன்னாளே தவிர, அவளுக்குள் பயம் இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் எண்களை எனக்குக் காட்டி, எது வரை தெரிகிறது என்று கேட்பாள். ஒரு நாள் எனக்கு முந்தின நாள் தெரிந்த எண் தெரியவில்லை. மழை நாளின் வெளிச்சக் குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் அவள் முகம் மாறிவிட்டது. அன்றைக்குத்தான் பாக்குவெட்டியை எடுத்தாள்.

குளிசையைப் பாக்குவெட்டியின் வாயில் வைத்து நறுக்கினாள். அரைவாசியை என்னிடம் தந்து, மற்றதைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

"டொக்டர் வேணாம்னாங்களே" என்றேன்.

"வேணாம்னு எங்க சொன்னாங்க? எழுதித் தரமாட்டேன்னுதான் சொன்னாங்க."

"ஒனக்குன்னு குடுத்தது."

"சோறு வாங்குனா அதுல எழுதியா இருக்கு யாருக்குன்னு? எதத்தான் நாம பங்கு வெக்கல?"

அது உண்மை. ஒரு முட்டை கிடைத்தாலும் நூல் போட்டு அறுத்துத் தின்கிற வீடு எங்களுடையது. அரைக் குளிசையை நான் உடனே விழுங்கவில்லை. விரலில் வைத்துப் பார்த்தேன். வெளியே ரோஸ் நிறம், வெட்டிய முகத்தில் மஞ்சள். வலது கண்ணை மூடினேன். ரோஸும் மஞ்சளும் போய்ச் சாம்பலாக இருந்தது. இந்தச் சாம்பல்தான் உள்ளே போய் வாசலை அடைக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு விழுங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் முகம் சூடேறியது. நெஞ்சு டப்டப்பென்று அடித்தது. தலையில் இரண்டு பக்கமும் நரம்பு துடித்தது. எனக்கு அது பயமாகவே இல்லை. வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபடுகிற சத்தம் என்றே நினைத்தேன். அசையாமல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். "கேக்குதா?" என்பாள் மனைவி. "கேக்குது" என்பேன். இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருக்கும். இப்படிக் காலையும் மாலையும் கொஞ்ச நாள் போனது.

ஒரு நாள் காலையில் குளிசையைப் போட்டுவிட்டுப் பீலிக்கு முகம் கழுவப் போனேன். எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வருவது மலையில் இருந்து இறக்கிய அந்தப் பீலியில்தான். குனிந்து முகம் கழுவி நிமிர்ந்தேன். இரண்டு கண்ணும் ஒரேயடியாக இருண்டன. அடுத்தது எனக்குத் தெரிந்தபோது ஈரத் தரையில் கிடந்தேன். குடங்களோடு வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். வலது கண்ணில் அவர்களின் முகம் முதலில் வந்தது. இடது கண்ணில் வெளிச்சம் வருவதற்கு அதிக நேரம் பிடித்தது. அந்த நேரத்தை நான் மறக்கவில்லை. போயே போய்விட்டது என்று நினைத்தேன். அந்தப் புகை படிந்த செங்கல் நிறப் பார்வை திரும்பி வந்தபோது, அது போதும் என்று தோன்றியது.

மனைவி ஓடி வந்தாள். ஓடி வந்தவள் என்னைத் தூக்காமல் தன் பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சில நாளாகவே அவளுக்குத் தலையிடியும் பிடரி வலியும் இருந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விழுந்தா யாரு யாரத் தூக்குறது?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்துக் காம்பராக்காரன் ஆட்டோவுக்குப் போன் பண்ணினான். கிளினிக் நாளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம்.

நர்ஸ் இரண்டு பேருக்கும் பிரஷர் பார்த்தார். அவளுக்கு மிகவும் கூடியிருந்தது, எனக்கு மிகவும் இறங்கியிருந்தது. நர்ஸ் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டு டொக்டரைக் கூப்பிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து, மிச்சமிருந்த அரைக் குளிசைகளை மேசையில் கொட்டினாள்.

"எதால வெட்டினீங்க?" என்றார் டொக்டர்.

"பாக்குவெட்டியால. நல்லா கழுவித்தாங்க."

அவருக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைக் கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு ஓர் அரைத் துண்டை எடுத்து வெட்டிய முகத்தை எங்களுக்குக் காட்டினார். "இது வயித்தில மெல்ல மெல்லக் கரைஞ்சு அரை நாளைக்கு வேல செய்ய வேண்டிய குளிசை. அப்படிக் கரையிற மாதிரித்தான் இதைச் செஞ்சிருக்கு. நீங்க வெட்டினா அந்தக் கட்டு உடைஞ்சு போகும். அரை நாள் மருந்து ஒரே மூச்சில இறங்கும். நெஞ்சு அடிச்சுதா ஐயா?"

"அடிச்சுச்சு. வாசல் அடைபடுதுன்னு நெனச்சேன்."

"அது உங்கட பிரஷர் விழுந்த சத்தம். பிரஷர் அப்படி விழுந்தா அந்த நரம்புக்கு ரத்தம் போகாது. அடிபட்ட நரம்பப் பட்டினி போட்டிருக்கிறீங்க. அம்மா, உங்களுக்கோ மருந்து கொஞ்ச நேரத்திலேயே முடிஞ்சு, மிச்ச நேரமெல்லாம் பிரஷர் ஏறிக் கிடந்திருக்கு. உங்களுக்குப் பாரிசவாதம் வந்திருந்தா?"

மனைவி தலையைக் குனிந்து கேட்டாள். "அப்ப சுண்ணாம்பு?"

அதையும் சொல்ல வேண்டி வந்தது. கூரை மேல் எறிந்தது, நெத்தலியை நிறுத்தியது எல்லாம். ரத்தத்தில் கல்சியம் எப்போதும் ஒரே அளவில்தான் நிற்குமாம். நாம் சாப்பிடாவிட்டால் உடம்பு எலும்பில் இருந்து எடுத்து அந்த அளவைச் சரிக்கட்டிவிடுமாம். வாசல் விஷயம் அந்தச் செல்லின் வாசலிலேயே நடப்பது, சாப்பாட்டால் அதைத் தடுக்க முடியாது. "பால் குடியுங்க, நெத்தலி தின்னுங்க" என்றார் டொக்டர்.

"வெத்தலைக்கும் சுண்ணாம்பு போடலாங்களா?" என்று அவள் ஆவலாகக் கேட்டாள்.

"வெத்திலையே வேணாம். அது வேற கதை."

பிறகு என்னை அட்டைக்கு முன்னால் நிறுத்தினார்கள். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. பழைய அட்டை எனக்கு மனப்பாடமாகியிருக்கும் என்று நர்ஸ் வேறு அட்டையை மாட்டினார். வலது கண்ணை மூடினேன். மேலிருந்து கையால் காட்டிக்கொண்டே வந்தேன். போன தடவை எந்த வரிசையில் நின்றேனோ அதே வரிசையில்தான் நின்றேன். அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. "சரி" என்றார் நர்ஸ். அந்த ஒரு சொல்லுக்கு மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

டொக்டர் கண்ணுக்குள் படம் எடுத்து கம்பியூட்டரில் காட்டினார். இரண்டு கண்ணின் உட்பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நரம்பு கண்ணுக்குள் வந்து சேருகிற இடம் வட்டமாகத் தெரிந்தது. வலது பக்கத்து வட்டம் பழுத்த தோடம்பழம் போல ஆரஞ்சு நிறம். இடது பக்கத்து வட்டத்தில் மேல்பாதி வெளுத்திருந்தது. கீழே கொஞ்சம் நிறம் மிச்சம் இருந்தது. "வெளுத்தது செத்த நார். நிறம் இருக்கிறது உயிரோட இருக்கிறது" என்றார்.

என் உடம்புக்குள் இருக்கும் ஒன்றை நான் இப்படிப் பார்த்ததே இல்லை. வெட்கத்தை விட்டு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். பிறகு ஓர் ஆசை வந்தது. வலது கண்ணை மூடிவிட்டு, அடிபட்ட கண்ணாலேயே அந்த அடியைப் பார்த்தேன். வட்டம் தெரிந்தது. வெளுத்தது எது, உயிரோடு இருப்பது எது என்று அந்தக் கண்ணுக்குப் பிரித்துத் தெரியவில்லை.

"என்ன பாக்கிறீங்க ஐயா?"

கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "மிச்சம் நின்னுச்சே டொக்டர், அது குளிசையால நின்னுச்சா? இல்ல குளிச இல்லாட்டியும் அது பாட்டுக்கு நின்னிருக்குமா? இல்ல, குளிச போடாம இருந்திருந்தா இன்னுங் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்குமா?"

"எனக்குத் தெரியாது" என்றார்.

டொக்டர் ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதைச் சும்மா சொல்லிவிட்டு விடவும் இல்லை. "ஒரு ஆளை வச்சுச் சொல்ல ஏலாது ஐயா. சிலருக்குத் தானா நிக்கும், சிலருக்குத் தானாப் பார்வை கூடும். உங்களப் போல அடிபட்டவங்க கன பேர் வேணும். பாதிப் பேருக்கு மருந்து குடுத்து, பாதிப் பேருக்குக் குடுக்காம, அளவு தப்பாம, காலம் தப்பாமப் பாக்க வேணும். அப்பதான் தெரியும்."

எனக்கு அது விளங்கியது. புது உரம் வந்தால் தோட்டத்தில் ஒரு மலைக்குப் போட்டு, பக்கத்து மலைக்குப் போடாமல் விட்டுப் பார்ப்பார்கள். கொழுந்து இரண்டு மலையிலும் கூடினால் மழையால் கூடியது, ஒன்றில் மட்டும் கூடினால் உரத்தால் கூடியது. எனக்குப் பக்கத்து மலை இல்லை. குளிசை போடாத இன்னொரு இடது கண் என்னிடம் இல்லை.

திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் தண்ணீர் வாங்கினேன். மனைவி முழுக் குளிசையை வாயில் போட்டாள்.

"வாயத் தொற பாப்பம்" என்றேன்.

"நானென்னா பச்சப் புள்ளையா?" என்றாள். ஆனாலும் திறந்து காட்டினாள்.

கவ்வாத்துக் கத்தியை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தூரம் பிடிபடாத கண்ணோடு அதை வீசக் கூடாது. இப்போது தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. கிளினிக்குக்கு இன்னும் போகிறேன். ஒவ்வொரு தடவையும் அட்டைக்கு முன்னால் நிற்கும்போது வாய் உலர்கிறது. ஒவ்வொரு தடவையும் டொக்டரிடம், அந்த வாசல் ஆராய்ச்சி எது வரை வந்திருக்கிறது என்று கேட்கிறேன். அதைக் கேட்க மட்டும் எனக்குக் கூச்சமில்லை. "இன்னும் பாக்கிறாங்க ஐயா" என்பார். போன வாரமும் அதையே சொன்னார். அட்டையில் நான் நின்றதும் அதே வரிசையில்தான். ஏன் நிற்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

2024 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை.